திமிங்கலம் தின்பதால் மீன் குறைகிறதா?

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம், கரீபியத் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸில் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் கூடியபோது, 33 நாடுகள் ஆதரித்தும் 32 நாடுகள் எதிர்த்தும் வாக்களிக்க ஒரு பிரகடனம் நிறைவேறியது. திமிங்கலங்கள் பெருமளவில் மீனைத் தின்பதால் இது கடலோர நாடுகளின் உணவுப் பாதுகாப்பைச் சார்ந்த விஷயம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. ஜப்பான் 2019இல் ஆணையத்தைவிட்டு விலகி வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது. 2024இல் துடுப்புத் திமிங்கலத்தையும் வேட்டைப் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், திமிங்கலம் பெருகினால் மீனவர் வலைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஒரு நீலத் திமிங்கலம் ஒரே நாளில் 16 டன் இரையை விழுங்குகிறது என்று படிக்கும் எவருக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். அதற்கு விடை காண, திமிங்கலம் எதைத் தின்கிறது, எங்கே தின்கிறது, தின்றபின் என்ன நடக்கிறது என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான விவாதங்கள் எவ்வளவு தின்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன.

எந்தத் திமிங்கலம், எந்த இரை

திமிங்கலங்களில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பல்லுள்ளவை ஒரு பிரிவு. எண்ணெய்த் திமிங்கலம், ஓர்கா, டால்பின்கள் எல்லாம் இதில் அடங்கும். இவை இரையை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்கின்றன. எண்ணெய்த் திமிங்கலத்தின் முதன்மை உணவு ஆழ்கடல் கணவாய். அது வாழும் ஆழத்துக்கு மீனவரின் வலை பெரும்பாலும் எட்டுவதில்லை.

மற்றொரு பிரிவுக்குப் பல்லே கிடையாது. மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன இந்தத் தகடுகளுக்குப் பலீன் என்று பெயர். அவற்றின் உள்விளிம்பு மயிர்போலப் பிரிந்து சல்லடையாகிறது. நீலத் திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம், மிங்கி ஆகியவை இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. மீன்வளம் பற்றிய சர்ச்சை பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே நடக்கிறது.

நீலத் திமிங்கலம் இரை தின்னும் முறை, கணக்கைப் புரிந்துகொள்ள உதவும். இரைக் கூட்டத்தை நோக்கி வேகமெடுத்துப் பாய்ந்து, வாயை ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திறக்கிறது. தாடைக்குக் கீழே தொப்புள்வரை நீளும் மடிப்புகள் விரிந்து, தன் உடல் எடைக்கு நிகரான நீரை இரையோடு சேர்த்து உள்வாங்குகின்றன. பிறகு வாயை மூடி நீரைப் பலீன் வழியாகப் பிதுக்கி வெளியேற்றி, எஞ்சியதை விழுங்குகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பெரும் ஆற்றல் செலவாவதால், இரை மிக அடர்த்தியாகத் திரண்ட இடத்தில் மட்டுமே இது கட்டுப்படியாகும். சிதறிக் கிடக்கும் மீனை நீலத் திமிங்கலம் தேடித் தேடித் தின்பதில்லை.

அதன் இரை கிரில். இறால் போன்ற உருவம் கொண்ட சிற்றுயிர் இது. நம் சந்தையில் கருவாடாக விற்கும் சென்னாக்கூனியைப் பார்த்திருப்பவர்கள் அதைச் சற்றுப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அண்டார்டிக் கிரில் ஏறத்தாழ 6 செ.மீ. நீளம்வரை வளரும். கூன்முதுகும் மிங்கியும் கிரிலோடு ஹெர்ரிங், கேப்லின் போன்ற கூட்டமாகத் திரியும் சிறு மீன்களையும் தின்கின்றன. அலாஸ்கா கடலோரத்தில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் பல ஒன்றுசேர்ந்து, ஹெர்ரிங் கூட்டத்துக்குக் கீழே வட்டமாக நீந்திக் காற்றுக் குமிழிகளை விடுகின்றன. எழும் குமிழித் திரையைத் தாண்ட அஞ்சி மீன்கள் நடுவில் நெருங்கும்போது, எல்லாத் திமிங்கலங்களும் வாயைத் திறந்தபடி ஒரே நேரத்தில் மேலெழுகின்றன. மீன்பிடியோடு மோதல் வருமானால் அது இந்த வகைத் திமிங்கலங்களால் தான் வர முடியும். நீலத் திமிங்கலத்தின் 16 டன்னில் மனிதர் உண்ணும் மீன் கிட்டத்தட்ட இல்லை.

எவ்வளவு தின்கின்றன

1999இல் ஜப்பானிய ஆய்வாளர் இருவர், உலகக் கடல்களில் உள்ள திமிங்கல இனங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 28 கோடி டன்னிலிருந்து 50 கோடி டன்வரை இரை தின்கின்றன என்று கணக்கிட்டார்கள். மனிதர் கடலில் பிடிப்பது ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டன் என்பதால், இந்த எண் மேடைதோறும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் அதில் கிரில், ஆழ்கடல் கணவாய், மீன் அனைத்தும் ஒன்றாகக் கூட்டப்பட்டிருந்தன. உடல் எடையை வைத்து உணவை ஊகிக்கும் பழைய முறையில் வந்த எண் அது.

2021இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு வேறு வழியில் சென்றது. ஏழு இனங்களைச் சேர்ந்த 321 பலீன் திமிங்கலங்களின் முதுகில் உறிஞ்சுகிண்ணத்தோடு கூடிய கருவிகளை ஒட்டி, ஒவ்வொன்றும் நாளுக்கு எத்தனை முறை பாய்ந்து தின்கிறது என்று பதிவு செய்தார்கள். டிரோன் படங்களிலிருந்து வாயின் கொள்ளளவையும், எதிரொலிக் கருவியால் இரையின் அடர்த்தியையும் அளந்தார்கள். முன்பு நினைத்ததைவிடப் பலீன் திமிங்கலங்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு தின்கின்றன என்பது முடிவு. கிழக்கு வடபசிபிக்கின் நீலத் திமிங்கலத்துக்கு இரைப் பருவத்தில் நாளொன்றுக்கு 16 டன் என்ற எண் இங்கிருந்து வந்ததுதான்.

இந்த எண்ணைக் கண்டதும் வேட்டை ஆதரவாளர்களின் வாதம் மூன்று மடங்கு வலுப்பெற்றுவிட்டது என்று தோன்றலாம். உண்மையில் அதே ஆய்வு அந்த வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தது. அதற்குமுன், வெறும் கழித்தல் கணக்கு ஏன் கடலில் பலிப்பதில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

கழித்தல் கணக்கின் பிழை

திமிங்கலம் ஒரு டன் மீனைத் தின்றால் மீனவருக்கு ஒரு டன் நட்டம் என்ற கணக்குக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்துள்ளன.

1. திமிங்கலம் தின்னும் மீனும் மனிதர் பிடிக்கும் மீனும் ஒன்றே, இரண்டும் ஒரே இடத்திலும் பருவத்திலும் நடக்கின்றன என்பது முதல் அனுமானம். பெரிய பலீன் திமிங்கலங்கள் பலவும் துருவக் கடல்களில் கோடையில் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து குட்டி ஈனுகின்றன. அங்கே இருக்கும் மாதங்களில் பெரும்பாலும் பட்டினிதான். 2006 பிரகடனத்துக்கு வாக்களித்த கரீபிய, மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் கடல்கள் இந்த ஈனும் இடங்களே. அந்த இரு பகுதிகளுக்கும் மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணினி மாதிரி அமைத்து, 2009இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். திமிங்கலங்களை முற்றாக அழித்தாலும் மீன்வளம் குறிப்பிடத்தக்க அளவு கூடாது என்றும், மீன்பிடி அளவைச் சிறிது குறைத்தாலே அதைவிட மிகுந்த பலன் கிடைக்கும் என்றும் அவர்கள் கண்டார்கள்.

2. திமிங்கலம் தின்னாமல் விட்ட மீன் உயிரோடு வளர்ந்து மனிதரின் வலைக்கு வந்து சேரும் என்பது இரண்டாவது. கடலில் மீனை மிகுதியாகத் தின்பவை மீன்கள்தாம். திமிங்கலம் விட்டதைப் பெரிய மீன், கணவாய், கடற்பறவை, கடல்நாய் என்று எத்தனையோ வாய்கள் காத்திருந்து தின்னும்.

3. இரையும் வேட்டையாடியும் மட்டுமே இருக்கும் நேர்க்கோடு கடல் என்பது மூன்றாவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை.

மூன்றாவதற்கு, நார்வேக்கு வடக்கே உள்ள பாரன்ட்ஸ் கடலை எடுத்துக்கொள்வோம். 1990களின் முற்பாதியில் அங்கும் நார்வேயின் அண்மைக் கடல்களிலும் மிங்கித் திமிங்கலங்கள் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டன் தின்றதாக நார்வே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் ஹெர்ரிங் 6 லட்சம் டன்னுக்கும் மேல். காட் என்ற பெரிய மீன் இரண்டரை லட்சம் டன் அளவு. இவை இரண்டும் வணிக மீன்கள், அதுவும் மீன்பிடி நடக்கும் இடத்திலேயே. ஆகவே இங்கே மோதல் கற்பனையல்ல. ஆயினும் மிங்கியைக் குறைத்தால் என்ன நடக்கும்? ஹெர்ரிங் பெருகும். இளம் ஹெர்ரிங், கேப்லின் மீனின் குஞ்சுகளைத் தின்னும். ஹெர்ரிங் மிகுந்த ஆண்டுகளில் கேப்லின் குஞ்சுகள் தேறாமல் போனதை அந்தக் கடலில் பலமுறை கண்டிருக்கிறார்கள். கேப்லினோ காட் மீனின் முக்கிய உணவு. போதாக்குறைக்குக் காட் தன் இனக் குஞ்சுகளையே தின்னும். கேப்லின் குறைந்த காலத்தில் அது அதிகரிக்கும். ஆக, மிங்கியைக் கொல்வதால் காட் கூடும் என்று ஒரு வழியும், குறையும் என்று மற்றொரு வழியும் கணக்கில் நிற்கின்றன. அங்கே செய்த சில மாதிரிக் கணக்குகள் காட் பிடிப்பு ஓரளவு கூடலாம் என்று காட்டின. ஹெர்ரிங்கைப் பொறுத்தவரை தெளிவான விடை கிடைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கடல்நாய்களைப் பற்றி இதே விவாதம் எழுந்தது. அங்கே ஹேக் என்ற மீனில் இரு இனங்கள் உண்டு. கடல்நாய் தின்னும் ஆழங்குறைந்த நீரின் ஹேக், ஆழ்நீர் ஹேக்கின் குஞ்சுகளைத் தின்கிறது. எனவே கடல்நாயைக் கொன்றால் மொத்த ஹேக் பிடிப்பு கூடாமலே போகலாம், குறையவும் கூடும் என்று 1990களின் ஆய்வுகள் காட்டின.

தெற்குக் கடலில் நடந்தேறிய சோதனை

திமிங்கலங்களை நீக்கினால் என்ன ஆகும் என்பதை அறிய ஒரு மாபெரும் சோதனை, யாரும் அப்படி எண்ணித் தொடங்காமலேயே, 20ஆம் நூற்றாண்டில் நடந்துவிட்டது. அந்த நூறாண்டில் உலகெங்கும் கிட்டத்தட்ட 29 லட்சம் பெருந்திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவற்றில் 20 லட்சத்துக்கும் மேல் தென் அரைக்கோளத்தில். 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தெற்குக் கடலில் ஏறத்தாழ 30,000 நீலத் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. 2 லட்சத்துக்கும் மேல் இருந்த அந்த இனம் 1970களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கியது. இந்த எண்களைப் படித்துவிட்டு எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

இத்தனை வாய்கள் மறைந்ததால் கோடிக்கணக்கான டன் கிரில் மிஞ்சும், அதை மனிதர் அறுவடை செய்யலாம் என்று 1970களில் அறிவியலாளர்களே எதிர்பார்த்தார்கள். மிஞ்சும் அளவு ஆண்டுக்கு 15 கோடி டன் என்றுகூடக் கணிக்கப்பட்டது. பென்குயின், கடல்நாய் இனங்கள் சில அந்தக் காலத்தில் பெருகவும் செய்தன. ஆனால் எதிர்பார்த்த கிரில் வெள்ளம் வரவே இல்லை. மாறாக, தென்மேற்கு அட்லாண்டிக் பகுதியில் 1970களுக்குப் பிறகு கிரிலின் அடர்த்தி குறைந்ததாகவே பல ஆய்வுகள் கூறின. குறைந்த அளவைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, கடற்பனி குறைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தின்பவை அழிந்தும் இரை பெருகாத இந்த நிலைக்குக் கிரில் முரண் என்று பெயர்.

2021 ஆய்வு இந்த முரணை இன்னும் கூர்மையாக்கியது. வேட்டைக்கு முன் தெற்குக் கடலின் பலீன் திமிங்கலங்கள் ஆண்டுக்கு 43 கோடி டன் கிரில் தின்றிருக்க வேண்டும் என்று அது கணக்கிட்டது. இன்று அங்கே மொத்தமாக இருப்பதாகக் கருதப்படும் கிரிலின் எடையைவிட இது அதிகம். அப்படியானால் அன்றைய கடல் அவ்வளவு கிரிலை ஆண்டுதோறும் எப்படி விளைவித்தது?

விடை இரும்பில் இருக்கிறது. தெற்குக் கடலில் தாவர மிதவையுயிரிகள், அதாவது வெயிலைக்கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்கள், வளரத் தேவையான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக உண்டு. இரும்பு மட்டும் பற்றாக்குறை. மிதவையுயிரியைக் கிரில் தின்கிறது. அதிலுள்ள இரும்பு கிரிலின் உடலில் சேர்கிறது. கிரில் இறந்து மூழ்கினால் அந்த இரும்பும் ஆழத்துக்குப் போய்விடும். திமிங்கலம் ஆழத்தில் கிரிலைத் தின்று, மூச்சுவிட மேலே வந்து, வெயில் படும் மேல்நீரிலேயே கழிவை வெளியேற்றுகிறது. பலீன் திமிங்கலத்தின் கழிவு கட்டியாக மூழ்குவதில்லை. கிரிலின் நிறம் ஏறிய செம்மண் நீர்போலப் பரவி மிதக்கிறது. அதிலுள்ள இரும்பின் செறிவு சுற்றியுள்ள கடல்நீரைவிடக் கோடி மடங்கு அளவில் இருப்பதாக 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். மிதவையுயிரிகள் அந்த இரும்பை எடுத்து வளர்கின்றன, கிரில் அவற்றைத் தின்று பெருகுகிறது, சுழற்சி தொடர்கிறது. கடலின் விளைச்சலைத் தின்றுதீர்ப்பதாகக் குற்றம்சாட்டப்பட்ட விலங்கு அந்த விளைச்சலுக்கு உரமிட்டும் வந்திருக்கிறது.

இதற்குத் திமிங்கல பம்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கே மெய்ன் வளைகுடாவில், திமிங்கலங்களும் கடல்நாய்களும் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,000 டன் நைட்ரஜனை மேல்நீருக்குக் கொண்டுவருகின்றன என்று 2010இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த வளைகுடாவில் கலக்கும் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கொண்டுவருவதைவிட இது அதிகம். இருந்தாலும் இந்த உரம் எவ்வளவு மீனாக மாறுகிறது என்பது கடலுக்குக் கடல் மாறும். எல்லாக் கடலிலும் இரும்புப் பற்றாக்குறை இல்லை. திமிங்கலம் பெருகினால் மீன் தானாகப் பெருகும் என்று முழங்குவதும் அவசரமே.

மோதல் மெய்யாகவே உள்ள இடங்கள்

திமிங்கலத்தைக் காக்க விரும்புவோர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். அது மீனவருக்குச் செய்யும் அநீதி.

அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதியில் ஹெர்ரிங் வளம் 1993இல் சரிந்தது. எக்சான் வால்டீஸ் கப்பலிலிருந்து அங்கே எண்ணெய்க் கசிவு நடந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்த அந்தச் சரிவின் காரணம் பற்றி இன்றும் வாதம் உண்டு. வளம் திரும்பாததற்குக் காரணங்களில் ஒன்றாக, குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி ஹெர்ரிங் தின்னும் கூன்முதுகுத் திமிங்கலங்களையும் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஏற்கெனவே நலிந்துபோன வளத்தின்மேல் பெரிய வேட்டையாடிகளின் வாய் படும்போது அது எழ முடியாமல் போகலாம். அதே மாநிலத்தில், குஞ்சுபொரிப்பகங்கள் கடலில் விடும் சால்மன் குஞ்சுகளுக்காகவே கூன்முதுகுகள் சில வந்து காத்திருக்கக் கற்றுக்கொண்டுள்ளன.

இந்தியப் பெருங்கடலின் தெற்கே குரோசே தீவுகளை ஒட்டி, நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் சிக்கிய பட்டகோனியப் பல்மீனை ஓர்காக்களும் எண்ணெய்த் திமிங்கலங்களும் தூண்டில் மேலே வருவதற்குள் பறித்துவிடுகின்றன. அங்கே மீனவரின் நட்டம் நேரடியானது. படகை வேறிடம் நகர்த்துவது, தூண்டில் வரிசையைக் குறுக்குவது, கூண்டுப்பொறிக்கு மாறுவது என்று பல வழிகளை முயன்றுவருகிறார்கள்.

இரையும் திமிங்கலத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014 முதல் 2016 வரை வடபசிபிக்கில் கடுமையான கடல் வெப்ப அலை வீசி இரை குன்றியது. 2012இல் அங்கே சுமார் 33,000 ஆக இருந்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2021இல் சுமார் 26,600 ஆகக் குறைந்தன. யாரும் வேட்டையாடாமலே எண்ணிக்கை இறங்கியது.

நம் பக்கத்துக் கடல்

வட இந்தியப் பெருங்கடலில் நிலைமை வேறு. இங்கே சில திமிங்கலங்கள் துருவத்துக்குப் போகாமல் ஆண்டு முழுவதும் இங்கேயே இரை தேடுகின்றன. இலங்கையின் திருகோணமலை, மிரிசை பகுதிகளில் காணப்படும் நீலத் திமிங்கலங்கள் கிரிலைவிட, சென்னாக்கூனியின் உறவான செர்கெஸ்டிட் வகைச் சிற்றிறாலையே மிகுதியாகத் தின்கின்றன என்று இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் குழுவினர் 2018இல் கண்டறிந்தார்கள்.

அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கலங்களும் அப்படியே இடம்பெயராதவை. இவை மத்தி தின்பவை. 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் இவற்றில் 242ஐக் கொன்றன. அதன்பின் ஓமன் கரையில் எடுத்த கணக்கில் 82 மட்டுமே எஞ்சியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. கேரளத்தில் 2012இல் 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்திப் பிடிப்பு 2021இல் 3,297 டன்னாக வீழ்ந்தபோது, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எல் நினோவால் மாறிய கடல்நிலையையும் மிகைப்பிடிப்பையும் காரணமாகக் காட்டியது. திமிங்கலம் அருகிப்போன கடலிலும் மீன்வளம் சரியக்கூடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு தேவையில்லை. உலக அளவில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, 2021இல் கடல் மீன்வளங்களில் 37.7 விழுக்காடு தாங்கும் அளவுக்குமேல் பிடிக்கப்பட்டுவந்தன. மீன் குறைந்ததற்குக் காரணம் தேடுவோர் தொடங்க வேண்டிய இடம் இந்த எண்தான்.

கேள்வி தலைகீழாகும் இடம்

தெற்குக் கடலில் இப்போது திமிங்கலங்கள் மெல்ல மீள்கின்றன. 1950களில் சில நூறாக இருந்த தென்மேற்கு அட்லாண்டிக் கூன்முதுகுகள் சுமார் 25,000 ஆகியுள்ளன. அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டி, ஒரே இடத்தில் நூற்றைம்பது துடுப்புத் திமிங்கலங்கள் இரை தின்பதை 2019இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதே கிரில் கூட்டங்களைத் தேடி நார்வே, சீனா, தென்கொரியா, சிலி, உக்ரைன் நாடுகளின் இழுவைக் கப்பல்களும் வருகின்றன. பிடித்த கிரில் பண்ணை சால்மனுக்குத் தீவனமாகவும் ஒமேகா-3 மாத்திரையாகவும் மாறுகிறது. தென் அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் என்ற உச்சவரம்பு உண்டு. 2025இல் அந்த வரம்பு பருவம் முடியுமுன்பே எட்டப்பட்டு, மீன்பிடி நிறுத்தப்பட்டது.

மொத்தக் கிரிலோடு ஒப்பிட்டால் 6.2 லட்சம் டன் சிறிய எண். சிக்கல் அளவைவிட இடத்தில் இருக்கிறது. முன்பு இந்த வரம்பு நான்கு பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது; அந்த விதி 2024இல் காலாவதியானபின் கப்பல்கள் தீபகற்பத்தை ஒட்டிய குறுகிய நீர்ப்பரப்பிலேயே குவிய வழி பிறந்துவிட்டது. திமிங்கலங்களும் பென்குயின்களும் இரை தேடும் இடமும் அதுவே. 2021இல் கிரில் வலைகளில் இளம் கூன்முதுகுத் திமிங்கலங்கள் சிக்கி இறந்தன. பிரித்துக் கொடுக்கும் விதியைத் திரும்பக் கொண்டுவருவதும், திமிங்கலம் திரளும் மாதங்களில் தீபகற்பக் கரையை மூடிவைப்பதும் அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் கையில் இருக்கின்றன. அதன் முடிவுகளுக்கு எல்லா உறுப்பினர்களின் ஒப்புதலும் தேவை. ஒரு நாடு மறுத்தாலும் விதி நிறைவேறாது.